அம்மாவின் சேவைக்காலப் பணத்தில் நர்சிங் படிக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் ஸ்கோர் போதவில்லை. கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருட தாதியர் டிப்ளோமா இருக்கிறது. கட்டணம் 11 இலட்சத்து 50 ஆயிரம். 2 இலட்சம் முதலில் கட்டினால் மீதியை 36 மாதத் தவணையில் கட்டலாமாம். அப்பா இல்லை. அம்மாவுக்கு 51 வயது, 27 வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். "பேரை வெட்டிக்கிட்டு, அதாவது வேலையில இருந்து நின்னுகிட்டு, சேவைக்காலப் பணத்தையும் சேமலாப நிதியையும் (ஈ.பி.எஃப்.) எடுத்துத் தாறேன், நீ படி" என்கிறார். மாமா பராமரிப்பாளர் கோர்ஸ் முடித்து ஜப்பானுக்குப் போகச் சொல்கிறார். தம்பி சாதாரணதரம் எழுதப்போகிறான். என்ன செய்யலாம்?

பதில்: மகள், அம்மாவைப் பேர் வெட்ட விடாதீர்கள். தோட்ட ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளர் பேரும் வேலை நாளும் பதியும் ஏடு) எழுதி ஓய்வுபெற்றவன் நான். மற்றதில் எப்படியோ, இதில் உறுதியாகச் சொல்வேன்.

நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் என்பது வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 2024இல் வந்த 1,350 ரூபாயை வைத்துப் போடுகிறேன், அம்மாவின் சம்பளச் சிட்டையில் கூட இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். 14 நாளுக்கு 18,900. 27 வருடத்துக்கு 5,10,300 ரூபாய். கணக்குப் போடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் என்பதைத்தான் நம்மாட்கள் கவனிப்பதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ஆனபோது இதே 27 வருடத்தோடு வேலையை விட்டு நின்றவருக்கு 3,78,000தான். ஆக, அடுத்த சம்பள உயர்வு பழைய வருடங்கள் அத்தனைக்கும் சேர்த்துத்தான் கூட்டும். இப்போது நின்றால் அது கை நழுவிப் போகும்.

பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதியை எடுக்க உரிமை உண்டு, சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கட்டணம் கட்டிவிட்டால் அம்மாவுக்கு 60 வயதில் என்ன மிஞ்சும்? செக்ரோலில் வீட்டில் ஒருவர் பேரும் இல்லாவிட்டால் தோட்டம் தந்த வீடான காம்பராவைப் பற்றியும் கேள்வி வரலாம். அதோடு, சேவைக்காலப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தாலும், மாதக்கணக்கில் ஆபீஸ் வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் தவணை அதற்காகக் காத்திருக்காது.

பேர் வெட்டாமல் தவணை கட்ட முடியுமா? மாதம் 26,388 ரூபாய் வருகிறது. அம்மா 25 நாள் முழுப் பேர் போட்டால், அதாவது முழுநாள் சம்பளத்துக்கு வேலை செய்தால், 33,750. சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 31,050. மழை மாதத்தில் 25 நாள் எங்கே கிடைக்கிறது? மிஞ்சுகிற நாலாயிரத்துச் சொச்சத்தில் கண்டி போடிங், சாப்பாடு, தம்பியின் டியூஷன், கடைக் கணக்கு எல்லாம் ஓடாது. அப்புறம் நுண்கடன் கம்பனிகளின் குழுக் கடன் வரும். அது வேண்டவே வேண்டாம்.

அந்த டிப்ளோமா எதற்கு உதவும் என்பது அடுத்த கேள்வி. துண்டுப் பிரசுரத்தில் "அரச அங்கீகாரம்" என்று இருக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் கற்கைநெறிக்கே தரச்சான்று இருப்பது வேறொன்று. தாதியாக வேலை செய்ய இரண்டும் போதாது. இதை முடித்தால் இலங்கை தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா என்று சபையிடமே கேளுங்கள், நிறுவனத்தின் கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் அல்ல. பதிவு கிடைக்காவிட்டால் மூன்று வருடம் படித்தும் உதவித் தாதியின் சம்பளத்தில்தான் நிற்பீர்கள். போன பிரிவில் முடித்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, ஓவர்டைம் இல்லாத அடிப்படைச் சம்பளத்தைக் கேளுங்கள். போடிங்கும் சாப்பாடும் கழித்து ஒரு வருடத்தில் கையில் நிற்பதை விடப் படிப்புக் கடன் கூடினால் அந்தப் படிப்பைத் தொடக் கூடாது. இது சட்டமல்ல, என் கணக்கு. கொஞ்சம் கஞ்சத்தனமான கணக்குத்தான்.

உயிரியல் பிரிவில் சித்தி என்கிறீர்கள். அப்படியானால் அரச தாதியர் கல்லூரிக்கு ஏன் விண்ணப்பிக்கக் கூடாது? கண்டியிலும் பதுளையிலும் உண்டு. மூன்று வருடம், கட்டணம் இல்லை, படிக்கும்போதே கொடுப்பனவு, முடிந்ததும் அரச ஆஸ்பத்திரியில் நியமனம். போட்டி கடுமைதான். வயது, உயரம், சாதாரணதரப் பெறுபேறு எல்லாவற்றுக்கும் நிபந்தனை இருக்கும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், சுகாதார அமைச்சின் அறிவித்தலை விடாமல் பாருங்கள். விண்ணப்பத்தில் தோட்ட முகவரியைப் போடாதீர்கள். நேர்முகத் தேர்வுக் கடிதம் ஆபீஸில் கிடந்து திகதி தாண்டிய பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர். ஹற்றன் டவுனில் நம்பிக்கையான ஒருவர் முகவரியைக் கொடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மாமா சொன்ன பராமரிப்பாளர் பயிற்சியை அரச தொழிற்பயிற்சி நிலையமொன்றில், தேசிய தொழிற் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழோடு முடித்துக்கொள்ளுங்கள். தனியார் டிப்ளோமாவோடு பார்த்தால் செலவு சொற்பம், கைப்பழக்கமும் வரும். ஜப்பானுக்கு அது மட்டும் போதாது. ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். மாமா யாராவது ஏஜென்டை மனதில் வைத்துப் பேசுகிறார் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், பாஸ்போட்டையும் கொடுக்காதீர்கள்.