வாசகர் கேள்வி–பதில்: தோட்டத்துப் பிள்ளைகளும் மூளையின் படமும்

கேள்வி: நாங்கள் குன்னூரில் உயிரியலும் உளவியலும் படிக்கும் மாணவிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு ஓவியத்தோடு மூளை அறிவியலையும் சேர்த்துச் சொல்லித்தருகிறோம். மூளையின் படத்தை அச்சடித்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னபோது பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. ஓவியமும் அறிவியலும் உண்மையிலேயே ஒன்றுசேருமா, ஐயா?
– கல்லூரி மாணவியர், குன்னூர்

பதில்: சேரும். இன்றைய நரம்பியலின் அடித்தளமே ஓவியம் பழகிய ஒரு கையால் போடப்பட்டதுதான். 1852-இல் ஸ்பெயினில் பிறந்த சான்டியாகோ ரமோன் இ காஹால், சிறுவயதில் ஓவியராக வேண்டும் என்றே விரும்பினார். மருத்துவரான தந்தை, மகனை மனித எலும்புகளை வரைய வைத்து, அந்த ஆசையை உடற்கூற்றியலின் பக்கம் திருப்பிவிட்டார். வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையை இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873-இல் வெளியிட்டிருந்தார். அம்முறையில் சாயமேற்றிய மூளைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து ஆண்டுக்கணக்காக வரைந்துவந்த காஹால், நரம்பணுக்கள் தனித்தனியானவை என்ற முடிவுக்கு வந்தார். அவை அறுபடாத ஒரே வலை என்று நம்பிய கோல்ஜி அதை ஏற்கவேயில்லை. 1906-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இவ்விருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் பிள்ளை கோட்டைத்தான் பார்க்கிறது. தான் கண்டதையும் தன் உடம்பில் உணர்ந்ததையும் வரையும்போதுதான் பாடம் அதனுடையதாகிறது. எனவே கண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளின் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு நேர் வலப்பக்கம் எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டும் வைக்கச் சொல்லுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் பொட்டு மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லாததே இதற்குக் காரணம். அடுத்து அந்தப் பொட்டின் வழியாக ஒரு சிவப்புக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பொட்டு மறைந்த இடத்திலும் கோடு மட்டும் இடைவெளியின்றித் தொடர்வதாகத் தோன்றும், ஏனெனில் காணாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அதைக் கண்ட பிள்ளை, கண்டதை வரைந்துகாட்டட்டும்.

இரண்டாவது, களிமண். கனடாவின் மான்ட்ரியால் நகரில் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளியின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, எந்த இடம் உடம்பின் எந்தப் பகுதிக்கு உரியது என்று குறித்துவந்தார். அதை 1937-இல் வெளியிட்டபோது, ஹார்டென்ஸ் கேன்ட்லி என்ற பெண் ஓவியர், மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள இடத்தின் அளவுக்கேற்ப உறுப்புகளைப் பெருக்கியும் சுருக்கியும், அதனை ஒரு மனித உருவமாகவே வரைந்தார். மூளையில் கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் ஒதுக்கப்பட்ட இடம் மிகப் பெரியது. முதுகுக்கு ஒதுக்கப்பட்டது மிகச் சிறியது. பிள்ளைகளை அந்த உருவத்தைக் களிமண்ணால் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவர்களுடைய அம்மா கொழுந்து பறிக்கும் விதத்தைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட தளிரைத் தொட்டறிந்து கிள்ளும்போது, கண் அடுத்த செடிக்குப் போய்விட்டிருக்கும். விரல்நுனிக்கு மூளை ஏன் இவ்வளவு இடம் தருகிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு விளக்க வேறு எதுவும் தேவைப்படாது. தாயின் உழைப்பு எத்தகைய நுட்பம் உடையது என்பதையும் அவர்கள் அறிவியலின் வாயிலாகவே அறிவார்கள். இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

மூன்றாவதாக நான் சொல்வதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரின் சிம்ஸ் பூங்கா அருகே உள்ள பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தருவதற்காக 1907-இல் தொடங்கப்பட்டது. வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்தின் நரம்புக்குள் நுழைந்து, தண்டுவடம் வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம், கடி தலைக்கு அருகில் இருந்தால் இன்னும் விரைவாக ஏறும். மூளையை எட்டி நோய்க்குறிகள் தென்பட்டுவிட்டால், பிழைப்பது அரிதினும் அரிது. தரையில் பழைய நாளிதழ்களை ஒட்டி விரித்து, ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து, உடம்பின் சுற்றுக்கோட்டை வரையுங்கள். கணுக்காலில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, அங்கிருந்து மூளை வரை நரம்பின் பாதையைப் பிள்ளைகளே கரித்துண்டால் இழுக்கட்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்குவதும், எல்லாத் தவணைகளையும் தவறாமல் முடிப்பதும் அந்தப் பாதையை எப்படி அடைக்கின்றன என்று அந்தப் படத்திலேயே குறித்துக்காட்டுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு போன்றவற்றைக் காயத்தில் வைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளை இந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று சுவரில் ஒட்டினால், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதைவிட நல்ல பயன் எதுவும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நீர்வண்ணம் மலையில் எளிதில் காயாது. கரித்துண்டும் மெழுகு வண்ணக்குச்சியும் கொண்டுபோங்கள்.

கேள்வி: படம் வரையும் பிள்ளைகளுக்கு வலது மூளை வலுவானது, கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு இடது மூளை வலுவானது என்று ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். அப்படிப் பிரித்துச் சொல்லித்தரலாமா?
– ஆசிரியை, கொடைக்கானல்

பதில்: வேண்டாம். பேச்சுத்திறன் பெரும்பாலோர்க்கு இடப்பக்கம் சார்ந்திருப்பது உண்மை. ஆனால் ஒரு மரத்தை வரையும்போதும் ஒரு கூட்டல் கணக்கைச் செய்யும்போதும் இரு பக்கமுமே உழைக்கின்றன. பத்து வயதுப் பிள்ளையிடம் ‘நீ வலது மூளைக்காரன்’ என்று சொல்வது, கணக்கு அவனுக்கு வராது என்று சொல்லிவிடுவதாகவே முடியும்.

கேள்வி: தோடர் பூத்தையலையும் குறும்பர் ஓவியத்தையும் இத்தகைய வகுப்புகளில் பயன்படுத்தலாமா?
– வாசகர், உதகை

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் அந்தக் கலைஞர்களே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் தையலில், பெண்கள் துணியில் எந்தக் கோடும் வரையாமல் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமான உருவங்களை எழுப்புகிறார்கள். பழகப் பழக வேலை எப்படிக் கையில் படிகிறது, அதில் சிறுமூளையின் பங்கு என்ன என்று பேச இதைவிடப் பொருத்தமான சான்று நீலகிரியில் இல்லை. கோத்தகிரிப் பகுதி ஆலு குறும்பர்கள் வேங்கை மரத்தின் பிசினிலிருந்தே செந்நிறம் எடுத்துத் தேன் எடுக்கும் காட்சிகளை வரைகிறார்கள். நீங்கள் ஊதியமின்றி உழைப்பது உங்கள் விருப்பம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் கலைஞரிடம் அதையே எதிர்பார்ப்பது நியாயமாகாது. உரிய தொகையை முன்கூட்டியே பேசி, கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் நான். எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) மறதி கூடிவரும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஓவியம் வரைந்தால் மறதி நோய் குணமாகும் என்கிறார்களே, தொடங்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தொடங்குங்கள், ஆனால் குணமாகும் என்று அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ சொல்லாதீர்கள், அல்சைமர் போன்ற மறதி நோயை ஓவியம் குணப்படுத்தாது. வரைவதும் பாடுவதும் அவர்களுக்கு மன அமைதியையும் துணையையும் தரும், அதுவே பெரிது. அதற்கு முன்பாக ஒவ்வொருவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள், ஏனெனில் வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு குறைவாலும் வரும் மறதி சிகிச்சையால் சீராகக்கூடும். அல்சைமரில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகளே முதலில் நழுவுகின்றன. இளமையில் பழகிய பாட்டு நெடுங்காலம் தங்கியிருக்கும். ஆகவே காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு வரையச் சொல்லாமல், ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு அந்த நாளில் நடந்துபோன வழியைக் கேளுங்கள். பாட்டு வந்தால் பாடவிட்டு, கை எழும்போது தாளை நீட்டுங்கள்.