80களின் லண்டன் ஹிட் தொழிற்சாலை: மூவர் கூட்டணி எப்படி எழுந்தது, ஏன் சரிந்தது?

மைக் ஸ்டாக், மேட் எய்ட்கன், பீட் வாட்டர்மேன். இந்த மூவரும் 1984 வாக்கில் லண்டனில் சேர்ந்த ஒரு பாடல் தயாரிப்புக் குழு. அதாவது பாட்டை எழுதி, இசை அமைத்து, பதிவு செய்து, கடைசியில் பாடகரைக் கூப்பிட்டுப் பாட வைப்பவர்கள். 1985 மார்ச்சில் பிரிட்டனின் வாராந்திர பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அப்புறம் நிற்கவே இல்லை, மொத்தம் நூற்றுக்கும் மேல் பாடல்கள் அந்தப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் போயின.

ரகசியம் வேகம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து பாடகி கைலி மினோக் வரப்போவதையே மறந்துவிட்டு, அவர் வெளியே காத்திருந்தபோது சுமார் 40 நிமிடத்தில் ஒரு பாட்டை எழுதினார்கள் என்பது பிரபலமான கதை. அந்தப் பாட்டு 1988-ல் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது!

சரி, பிறகு ஏன் சரிந்தது? ஒரே வெட்டுக் காகிதத்தை வைத்து, துணியை மட்டும் மாற்றித் தைக்கும் டைலரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து சட்டை அருமை. ஊரே அதைப் போட்டுக்கொண்டு திரியும்போது சலித்துவிடும். அதே டிரம் மெஷின் தாளம், அதே பளபள கோரஸ். இதற்குள் இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசைப் பக்கம் போய்விட்டார்கள். 1991-ல் எய்ட்கன் விலகினார், 1993-ல் ஸ்டாக்கும் கிளம்பினார். (எனக்கென்னவோ அந்த மெட்டுகள் இன்றும் கெட்டுப்போகவில்லை.)

இன்னொன்று: இங்கே தயாரிப்பாளர் என்றால் சினிமாவில் போலப் பணம் போடுபவர் என்று பலர் நினைக்கிறார்கள், இசையில் அவர் வேலை பாட்டின் ஒலியைத் தீர்மானிப்பது.