ஓய்வு பெற்ற கால்பந்து வீரர் யாராவது வலதுசாரி அரசியலில் நிலைத்து நின்றது உண்டா, அல்லது எல்லோருமே பழைய புகழை வைத்து ஓட்டுகிறவர்கள்தானா?

உண்டு. ஜாக் கெம்ப். ஆனால் இவர் ஆடியது நம்முடைய உருண்டைப் பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டு அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்கிறார்களே, அந்த ஆட்டம்.

வேலை நிமித்தமாக நான் சில வருடம் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தில் இருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் பனி அள்ளும்போது கெம்ப் பேச்சு வந்தால் போதும், மண்வாரியை நட்டுவிட்டு நின்றுவிடுவார்.

1962இல் சான்டியேகோ சார்ஜர்ஸ் அணியில் இருந்தபோது பந்து எறியும் கையில் கெம்புக்கு நடுவிரல் ஒடிந்தது. நேராக வைத்துக் கட்டினால் பந்து பிடிக்க முடியாது என்று, பந்தைப் பிடித்த வாக்கிலேயே விரலை வளைத்துக் கட்டச் சொன்னாராம். காயம்பட்ட ஆளை அணிப் பட்டியலிலிருந்து சும்மா கொஞ்ச நாள் கழற்றி வைக்கலாம் என்று சார்ஜர்ஸ் பார்க்க, பஃபலோ பில்ஸ் குறுக்கே புகுந்து வெறும் 100 டாலருக்கு அவரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. 1964, 1965 இரண்டு வருடமும் ஏ.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) பட்டம் பஃபலோவுக்கு. இரண்டு தடவையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது யார்? அதே சார்ஜர்ஸ்!

சரி, அரசியல். ஆடிக்கொண்டிருந்தபோதே, 1967இல் ஆட்டமில்லாத மாதங்களில், கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரீகனிடம் வேலை பார்த்தார். 1970இல் வலதுசாரியான குடியரசுக் கட்சி சார்பில் நின்று பஃபலோ புறநகரிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார். முதல் வெற்றி புகழால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் 18 வருடம் அந்த இடத்தை விடவில்லையே, அது வெறும் புகழால் ஆகாது. 2022இல் ஜார்ஜியாவில் செனட்டுக்கு நின்ற முன்னாள் ஃபுட்பால் வீரர் ஹெர்ஷல் வாக்கர் இவரைவிடப் பெரிய நட்சத்திரம். முதல் தேர்தலையே தாண்டவில்லை.

கெம்ப் வரிக் குறைப்பு என்ற ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். செனட்டர் ராத்துடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த யோசனைதான், பின்னால் அதிபரான ரீகனின் 1981 வரிச் சட்டத்துக்கு அடிப்படை. 70 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி 50 ஆனது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பற்றாக்குறை எகிறியது.

ஆனால் கட்சிக்குள் அவர் ஒரு தினுசான ஆள். தொழிற்சங்கம் என்றாலே முகம் சுளிக்கும் கட்சி அது, இவரோ ஏ.எஃப்.எல். வீரர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஐந்து முறை அதன் தலைவர். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்க 1983இல் ஆதரவாக ஓட்டுப் போட்டார். 1989இல் வீட்டுவசதி அமைச்சரானதும், அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் ஏழைகளையே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கவேண்டும் என்று நின்றார். கறுப்பின வீரர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் வருடக்கணக்கில் இருந்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். 1996இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாப் டோலுடன் துணை அதிபர் பதவிக்கு நின்று தோற்றார்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஆயுசுக்கும் ஜனநாயகக் கட்சிக்காரர். கெம்புக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்டுப் போட்டாராம். வரிக் குறைப்பு பிடித்துப் போட்டீர்களா என்று கேட்டேன். கையுறையைக் கழற்றி நடுவிரலை வளைத்துக் காட்டினார்.