கிருதா ஏறி இறங்கினால் கடையை மாற்றுவதா?

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "22 வருடமாக ஒரே சலூன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போனவர் அந்த அண்ணன். ஒரு வருடமாக வெட்டு சரியில்லை. கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. போன மாதம் காதோரம் கத்தி பட்டு ரத்தமே வந்துவிட்டது. இப்போது ஏசி சலூனுக்குப் போகிறேன். அவர் கண்ணில் படக்கூடாதென்று அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். நான் செய்வது தப்பா?"

கடை மாறியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, தலை உங்களுடையது. ஆனால் அப்பாவுக்குச் சவரம் செய்தவரைப் பார்க்க முடியாமல் அடுத்த தெருவில் சுற்றுகிறீர்களே, அதைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது.

நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இத்தனை வருடம் உங்கள் தலையில் சுழி எங்கே, தழும்பு எங்கே என்று பார்க்காமலே தெரிந்த கை அது, ஒரே வருடத்தில் தொழிலை மறந்துவிடுமா? எனக்கு அவர் கண் மேல்தான் சந்தேகம். வயது எப்படியும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளெழுத்தாக இருக்கலாம், கண்புரையாகக்கூட இருக்கலாம். பிளேடைக் காகிதத்தோடு மடக்கிப் பாதியாக உடைத்துக் கத்தியில் சொருகுவாரே, அப்போது கவனியுங்கள்: கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குத் திரும்புகிறாரா என்று. கையே நடுங்குகிறது என்றால் அது வேறு, அதற்கு முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதை அவரிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களைப் போலவே ஒவ்வொருவராக வராமல் நின்றிருப்பார்கள், அவரும் பாவம், ஏசி கடை வந்ததால்தான் கூட்டம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவரை அண்ணன் என்று கூப்பிடுகிற நீங்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் தினத்தந்தியோடு காத்திருக்கும்போது சொல்லாதீர்கள். வார நாளில், மத்தியானம், கடை காலியாக இருக்கும் நேரம் போங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அண்ணே, போன தடவை காதோரம் பட்டுருச்சு. கண்ணு செக் பண்ணி எவ்வளவு நாளாச்சு?" இவ்வளவு போதும். கொஞ்சம் முகம் சுருங்கும்தான், பரவாயில்லை. அதுவரை காதோரமும் பிடரியும் கத்தி வேண்டாம், ட்ரிம்மர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மதுரையிலேயே இருக்கிறீர்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது, காசு கட்ட முடியாதவர்களுக்கு அங்கே இலவசப் பிரிவும் உண்டு. வெள்ளெழுத்து என்றால் ஒரு கண்ணாடியோடு முடிந்தது. புரை என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை, ஆபரேஷன் சில நிமிடம்தான்.

அப்புறமும் வெட்டு பிடிக்கவில்லையா, சரி, ஏசி சலூனுக்கே போங்கள். ஆனால் அவர் தெரு வழியாகப் போங்கள், நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடை லீவாகத்தான் இருக்கும், அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், கூட்டம் சேர்ந்துவிடும். வண்டியை நீங்களே ஓட்டுங்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.