பரணில் இருக்கும் பழைய தொட்டில் பிள்ளைக்கு ஆகுமா?

"எனக்கு இது எட்டாவது மாதம். நாத்தனார் மகனுக்கு வாங்கிய மரத் தொட்டில் பரணில் இருக்கிறது. அவன் இப்போது பத்தாம் வகுப்பு. தொட்டிலின் ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கும். 'நல்ல தேக்கு, பெயின்ட் அடித்தால் புதுசாகிவிடும்' என்கிறார் கணவர். மாமியார், தூளியே போதும் என்கிறார். எதைச் செய்வது?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அந்தத் தொட்டில் வேண்டாம், அம்மா. தேக்கில் குறையில்லை, இறங்கும் அந்தப் பக்கம்தான் ஆபத்து. அதைத் தாங்கும் கொக்கிகளும் பிளாஸ்டிக் துண்டுகளும் வருடக்கணக்கில் கிடந்தால் இற்றுப்போகும். ஒரு மூலை மட்டும் கழன்றால் பார்வைக்குத் தெரியாது. குழந்தை உருண்டு அந்தப் பக்கம் சாயும்போது மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழும், தலை அதில் மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் இப்படி இறந்ததால்தான் அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் இந்த வகைத் தொட்டிலை விற்கவே தடை. ஆசாரியை வைத்து ஆணி அடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பழைய பெயின்டும் ஒரு கவலை. வீட்டுப் பெயின்டில் ஈயம் என்ற நச்சு உலோகம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளை விளிம்பைக் கடிக்காமல் விடாது.

புதிதாக வாங்கினாலும், ஆசாரியிடம் சொல்லிச் செய்தாலும், கையில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் உடம்பு முழுக்க வெளியே நழுவி, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். நான்கு மூலைக் கால்களும் மேல் சட்டத்தோடு சமமாக இருக்கட்டும். அழகுக்காகக் குமிழ் வைத்தால் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று அர்த்தம். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால் அது பச்சைக் குழந்தைக்கு ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், குழந்தைக்கு வேண்டாம்.

அப்புறம், தொட்டிலுக்குள் எதையும் வைக்காதீர்கள். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை, பக்கத்துக்கு ஒரு குட்டித் தலையணை, பொம்மை, கம்பியைச் சுற்றிப் பஞ்சுத் திண்டு என்று அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கி அலமாரியில் வையுங்கள். முதல் மாதங்களில் மூக்கு எதிலாவது புதைந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பலம் குழந்தைக்கு இல்லை. விரிப்பு இறுக்கமாக இருக்கட்டும், குழந்தை மல்லாந்து படுக்கட்டும். அமெரிக்காவில் 1994-இல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கிய பத்தாண்டுக்குள், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே போகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கழுத்தில் செயினோ கறுப்புக் கயிறோ இருந்தால் தூங்கும் முன் கழற்றிவிடுங்கள். துவைத்த துண்டைத் தொட்டில் சட்டத்தில் காயப்போடுவது பல வீடுகளில் நான் பார்க்கிற பழக்கம், அதுவும் வேண்டாம்.

சரி, தூளி. உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. சேலையின் அணைப்பும் ஆட்டமும் அழுகிற பிள்ளையை அமர்த்தும், நம் வீடுகளில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தூளியில் முதுகு வில்லாக வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது. பிஞ்சுக் கழுத்தில் மூச்சுக்குழாய் அப்படி மடங்கினால் குழந்தை அழக்கூட முடியாது, சத்தமே இல்லாமல் மூச்சு குறையும். அதனால் பகலில், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள். கண் அசந்ததும் தூக்கிச் சமதளத்தில் கிடத்துங்கள். ராத்திரி முழுக்கத் தூளியில் விடுவது கூடவே கூடாது. குறைமாதத்தில் பிறந்தாலோ, சளி பிடித்திருந்தாலோ பகலிலும் வேண்டாம். குப்புற விழத் தொடங்கியதும், நாலைந்து மாதத்தில், தூளியை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்டே ஆக வேண்டும். பிள்ளை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து வைத்துவிடுங்கள். காலியாகத் தொங்கும் தூளியில் அக்கா, அண்ணன்கள் ஊஞ்சல் ஆடி, சுற்றி முறுக்கி விளையாடி, கழுத்து இறுகி இறந்துபோன செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிடம்கூட அப்படியே விடாதீர்கள்.

தொட்டிலை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், குறைந்தது முதல் ஆறு மாதம். ஜன்னலும் திரைக்கயிறும் எட்டாத இடமாகப் பாருங்கள். கொசுவலையை உள்ளே தொங்கவிடாமல் வெளியே இழுத்துக் கட்டுங்கள். பிள்ளை உட்காரத் தொடங்கும்போது அடிப்பலகையை இறக்கிவிடுங்கள். அது பிடித்து எழுந்து நிற்கும் முன் கடைசித் தட்டுக்கு வந்திருக்க வேண்டும். நிற்கும் பிள்ளைக்கு மேல் சட்டம் நெஞ்சளவுக்கு வந்துவிட்டால், அன்று ராத்திரியே தரையில் பாய் விரித்துவிடுங்கள்.