நாற்காலியில் உட்கார்ந்த பையனை நடுவர் ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: எங்களுக்குக் கோட்டையூர். மகன் பதினொன்றாவது படிக்கிறான், பள்ளிக் கூடைப்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பதால் போட்டிக்கெல்லாம் நான்தான் கூடப் போகிறேன். போன மாதம் காரைக்குடிப் பக்கம் நடந்த அழைப்புப் போட்டியின் அரையிறுதியில், இரண்டாவது குவார்ட்டரில் ஏறத்தாழ நாலு நிமிஷம் மேசை ஓரத்து நாற்காலியில் காத்துக் கிடந்தான். நடுவில் கோச் கூப்பிட்டார் என்று ஒரு தடவை எழுந்து போய் வந்தான். கோச் ‘சப், சப்’ என்று கத்தியும் நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது குவார்ட்டரில் எங்கள் பையன் ஒருவன் ஐந்தாவது பவுலில் வெளியேற, இவன் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் எங்கள் டைம் அவுட் ஒன்றைக் கழித்துவிட்டார். கடைசி ஒன்றரை நிமிஷத்தில் நாங்கள் கூடை போட்டதும் ஆள் மாற்றக் கேட்டோம், மறுத்தார். அடுத்த கூடையையும் நாங்களே போட்டோம். அப்போது எதிரணி கேட்டதும் கொடுத்தார். ஒரு புள்ளியில் தோற்றோம். நடுவரை வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு. ‘மூவாயிரம் கொடுங்க ஆச்சி, புரொடெஸ்ட் போட்டு மேட்சைத் திரும்ப ஆட வைக்கிறேன்’ என்கிறார் ஒருவர். ஆயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நடுவர் விலை போனதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு தடயம்கூட எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய மூன்று சம்பவத்திலும் அவர் செய்தது சரி. நானும் முப்பது வருஷம் விசில் ஊதி இதே ஏச்சை வாங்கியவன்தான். ஆனால் அதற்காக அவருக்குப் பரிந்து பேசவில்லை.

ஆள் மாற்றுவதைக் கோயில் நடை திறப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்த நேரத்தில் திறக்காது, திறந்தாலும் சட்டென்று சாத்திவிடும். பந்து செத்திருக்க வேண்டும், அதாவது ஆட்டத்தில் இல்லாமல் இருக்க வேண்டும், கடிகாரம் நின்றிருக்க வேண்டும், பவுல் என்றால் அது யார் மேல் என்று நடுவர் மேசைக்குக் கைகாட்டி முடித்திருக்க வேண்டும். அப்போது நடை திறக்கும். பந்தை உள்ளே எறியப் போகிறவன் கையிலோ, பவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் முதலாவதை எறிபவன் கையிலோ பந்து போய்ச் சேர்ந்ததும் சாத்திவிடும். அதற்குப் பிறகு மேசையில் மணி அடித்தாலும் நடுவர் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் தாய்மார்கள் தடுமாறுவது: கூடை விழுந்தால் பந்து செத்துவிடும், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் பெரும்பகுதிக்கு இதுதான் விதி. உங்கள் மகன் காத்திருந்த நாலு நிமிஷத்தில் இந்தப் பக்கம் ஒரு கூடை, அந்தப் பக்கம் ஒரு கூடை என்று விழுந்துகொண்டே இருந்திருக்கும். அப்படி ஓடும் ஆட்டத்தை ஆள் மாற்றுவதற்காக விசில் ஊதி நிறுத்த நடுவருக்கு உரிமை கிடையாது. பவுல், பந்து கோட்டுக்கு வெளியே போவது, இருவர் பந்தைப் பிடித்து இழுப்பது என்று ஏதாவது நடந்தால்தான் உண்டு.

அப்படி ஒன்று நடக்காமலும் இருந்திருக்காது. ‘எழுந்து போய் வந்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். மாற்று கேட்கும் உரிமை கோச்சுக்கு இல்லை. உள்ளே போகிற பையனே ஸ்கோர் எழுதுபவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்ச் பக்கம் போனால் கேட்டதை வாபஸ் வாங்கியதாகத்தான் மேசை எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து விசில் அடித்திருந்தால் பஸ்ஸரை யாருக்காக அழுத்துவார்கள்? கோச் தொண்டை கிழியக் கத்தியது நடுவருக்குச் சந்தைக்கடை இரைச்சல்தான். பஸ்ஸர் அடித்தால்தான் அவர் மேசைப் பக்கம் திரும்புவார்.

அந்தப் பஸ்ஸர் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். மேசையில் ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்குத் துணை ஒருவர், ஆட்டக் கடிகாரத்துக்கு ஒருவர், பந்து வைத்திருக்கும் அணி கூடைக்கு எறிந்தாக வேண்டிய இருபத்து நாலு விநாடிக் கடிகாரத்துக்கு ஒருவர் என்று நாலு பேர் இருக்க வேண்டும். நம் பக்கத்து அழைப்புப் போட்டிகளில் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் மேடை போட்டு மாலை போடவும் பணம் வரும். மேசைக்கு மட்டும் அன்றைக்குத் தோற்ற அணியிலிருந்து ஒரு பையனைப் பிடித்து உட்கார வைப்பார்கள். ஒரு ஊரில் பஸ்ஸர் இல்லை என்று எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொடுத்தார்கள். தட்டு அடித்த பையன் நடுவில் முறுக்கு தின்னப் போய்விட்டான். அன்றைக்கு இரண்டு அணியும் என்னைத்தான் திட்டின. நடுவருக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை மேசைக்குக் கொடுங்கள் என்று எத்தனையோ கூட்டத்தில் சொல்லிப் பார்த்தாயிற்று. டீ வருகிறது, கூட்டம் கலைகிறது.

கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டே ஆட்டத்தை முடிக்கிற பழக்கமும் குறுவட்டப் போட்டிகளில் உண்டு. இருட்டுவதற்குள் இத்தனை ஆட்டம் முடிய வேண்டுமே! அங்கே ‘கடிகாரம் நின்றால்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. விசில் ஊதும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்வார்கள். அந்த ஏற்பாட்டை ஆட்டத்துக்கு முன் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பி.டி. ஆசிரியர் மேசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

இன்னொன்று வாலிபால் புத்தி. நம் ஊர்களில் எல்லோருக்கும் வாலிபால் தெரியும். அதில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றுதான், வெளியே வந்தவன் ஒரே ஒரு தடவை திரும்பலாம். கூடைப்பந்தில் அந்தக் கணக்கு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ‘ரெண்டு தடவைக்கு மேல உள்ள போகக் கூடாதுப்பா’ என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரி விதிகளில் 1920-21இல் ஒரு தடவை, 1933-34இல் இரண்டு தடவை திரும்பலாம் என்று இருந்து, 1944-45இல்தான் வரம்பே இல்லாமல் போனது. ஒரு நிபந்தனை மட்டும் இப்போதும் உண்டு: வெளியே வந்தவன், கடிகாரம் கொஞ்சமாவது ஓடி, பந்து மறுபடி செத்த பிறகுதான் உள்ளே போகலாம்.

இனி அந்த டைம் அவுட். ஐந்தாவது பவுல் வாங்கியவனுக்குப் பதில் ஆள் முப்பது விநாடிக்குள் உள்ளே வந்தாக வேண்டும். வெளியேறுகிறவன் அழுவான், கோச் நடுவரிடம் வாதாடுவார், அடுத்தவன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பான். எல்லாம் அந்த முப்பதுக்குள் முடிய வேண்டும். வீணாக இழுத்தால் அந்த அணியின் டைம் அவுட் ஒன்று கழியும். டைம் அவுட்டே மிச்சம் இல்லையென்றால் கோச் மேல் டெக்னிக்கல் பவுல், அதாவது மோதலுக்கு அல்லாமல் நடத்தைக்கான பவுல், எழுதலாம். ஸ்கோர் தாளில் ‘பி’ என்று ஏறும். உங்கள் அணிக்கு டைம் அவுட்டோடு போனது. மாற்று கேட்டு உட்காரும்போதே உடனே ஆடத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. லேஸ் கட்டுவதற்குத் தனி நேரம் கிடையாது. இரண்டாவது பாதிக்கே மூன்று டைம் அவுட்தான், அதிலும் கடைசி இரண்டு நிமிஷத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஒன்று போனால் வலிக்கத்தான் செய்யும்.

கடைசி ஒன்றரை நிமிஷ விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பேச்சுக் கிளம்பியது இதிலிருந்துதான். நாலாவது குவார்ட்டரில் கடைசி இரண்டு நிமிஷமும் அதற்குப் பிறகு கூடுதல் நேரம் வந்தால் அதன் கடைசி இரண்டு நிமிஷமும் தனி ராஜ்யம். அங்கே கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்கும். நின்றால் இருவருக்கும் நடை திறக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். திறக்காது. கூடை வாங்கிய அணிக்கு மட்டும் திறக்கும், போட்ட அணிக்குத் திறக்காது. வாங்கியவன் பந்தை எடுத்து உடனே எறிந்து, நீங்கள் சுதாரிப்பதற்குள் உங்கள் பக்கம் ஓடி வரலாம். அது அவனுக்குக் கிடைத்திருக்கும் நியாயமான வாய்ப்பு. போட்டவன் ‘ஆள் மாற்றணும்’ என்று கைதூக்கி ஆட்டத்தை நிறுத்த முடியுமானால், கூடை போட்ட கையோடு தடுப்பு ஆட்டக்காரர்களை இறக்கி அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடலாம் அல்லவா? அதனால்தான் பூட்டு. நடுவரே வேறு காரணத்துக்காக ஆட்டத்தை நிறுத்தினால் ஒழிய அந்தப் பூட்டு திறக்காது. நீங்கள் சொன்ன இரண்டு கூடையும் உங்கள் அணி போட்டது. முதல் முறை உங்களுக்கு மறுத்ததும் அடுத்த முறை எதிரணிக்குக் கொடுத்ததும் ஒரே விதிதான். அவர்கள் கூடை போட்டிருந்தால் உங்கள் மகனுக்குக் கதவு திறந்திருக்கும். கடைசி ஃப்ரீ த்ரோ உள்ளே விழுந்தால் மட்டும் எந்த நிமிஷமானாலும் இரண்டு அணிக்கும் திறக்கும். கேலரியில் இருப்பவர்கள் ஃப்ரீ த்ரோவையும் கூடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ‘போன வாரம் கொடுத்தாங்களே’ என்று கத்துகிறார்கள்.

நடுவர் கையை மடித்துக் குறுக்காக வைத்து, பிறகு ‘வா’ என்று கூப்பிடும்வரை பையன் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வெளியே போகிறவன் மேசைக்கு வராமல் நேராகப் பெஞ்சுக்குப் போகலாம். இரண்டு அணியும் கேட்டிருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். பந்தைக் கையில் வைத்திருக்கும் நடுவர் அந்த நேரம் சும்மா நிற்பதில்லை. இரண்டு பக்கமும் ஐந்தைந்து தலை எண்ணுவார். புதுசில் நான் ஒரு தடவை எண்ண மறந்து பந்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் ஆறு பேர்! கோச் மேல் டெக்னிக்கல் எழுதும்போது என் கைதான் நடுங்கியது. அன்றிலிருந்து வாய்விட்டு எண்ணுவேன்.

இப்போது அந்த மூவாயிர ரூபாய் ஆள். ஃபிபா என்ற சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி புரொடெஸ்ட் என்பது ஆட்டம் முடிந்து பதினைந்து நிமிஷத்துக்குள் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் தாளில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தொடங்குவது. ஒரு மணி நேரத்துக்குள் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். போன மாத ஆட்டத்துக்கு இன்றைக்கு எவர் போட முடியும்? காரணங்களும் எண்ணி வைத்தவை: ஸ்கோர், கடிகாரக் கணக்கில் திருத்தப்படாத பிழை, தகுதியில்லாத ஆள் ஆடியது, ஆட்டத்தை ரத்து செய்தது போன்றவை. ஆள் மாற்றத் தரவில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. நடுவர் தப்பே செய்திருந்தாலும் அந்த வழியில் ஆட்டம் திரும்பி வராது.

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும் ஆச்சி. அரையிறுதி அன்றைக்குப் பைலும் கையுமாக டீக்கடை பெஞ்சில் இருப்பார்கள். தோற்ற பிள்ளையின் அம்மா அப்பாவைத்தான் தேடி வருவார்கள், ஜெயித்தவர் பக்கம் போக மாட்டார்கள். இன்றைக்குப் புரொடெஸ்ட் என்பார். அடுத்த மாதம் ‘தம்பிய மாவட்ட டீம்ல சேத்துவிடறேன்’ என்பார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழ் என்று வந்து நிற்பார், அப்போது ரூபாயில் சைபர் கூடியிருக்கும். ஊர் அழைப்புப் போட்டிச் சான்றிதழை வைத்துக் கல்லூரி இடமோ அரசு வேலையோ வாங்கலாம் என்று எவராவது சொன்னால், அது எந்த அரசாணையில் இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘மேல பேசிக்கலாம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிப் போட்டிக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஒரு வரிசை இருக்கிறது. பையனை பி.டி. ஆசிரியர் வழியாக அதில் ஆட வையுங்கள். அந்த வரிசையும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், தேர்வு எப்போது என்ற அறிவிப்பு முந்தின நாள் சாயந்திரம்தான் பள்ளிக்கு வந்து சேரும், அது வேறு வயிற்றெரிச்சல்.

கொடுத்த ஆயிரத்துக்கு ரசீது கேட்டுப் பாருங்கள். ரசீதும் வராது, அந்த ஆளும் அதற்குப் பிறகு வர மாட்டார். தம்பியிடம் லேஸைக் கட்டிக்கொண்டு போய் உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு கோச் எவ்வளவு கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.