கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

ரூட் கேனாலும் (பல்லின் வேர் சிகிச்சை) அதன்மேல் போடும் கேப்பும் சேர்த்து 9,000 ரூபாய் கேட்கிறார்கள், மளிகைக்கே சம்பளம் பத்தவில்லை, பேசாமல் பல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பது இன்றைக்கு மலிவுதான். ஆனால் கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு பல் கட்டப் போனால் இதைவிட அதிகம் ஆகும்.

திருச்சி என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். மூன்று நான்கு தடவை அலைய வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். அவ்வளவு தூரம் முடியாதென்றால் அருகில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் கூடவே நின்று பார்ப்பார். கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு.

கிளினிக்தான் வசதி என்றால் பல் நிறத்திலேயே இருக்கும் சிர்கோனியா கேப் வேண்டாம், மெட்டல் கேப் போதும் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கிற பல், யார் பார்க்கப் போகிறார்கள்? கேப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பல் உடைந்துவிடும்.

மாத்திரையில் வலி அடங்கினால் சரியாகிவிட்டதென்று நினைக்காதீர்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்புறம் மளிகை. அரிசி அட்டையா உங்களுடையது? ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதாமாதம் விடாமல் வாங்குகிறீர்களா?